சமையலறைக் கரப்பானை ஒழிப்பது எப்படி? ஸ்பிரே அடிக்காமல் படிப்படியாக

இரவு தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறை விளக்கைப் போட்டதும் மேடையில் நாலைந்து கரப்பான்கள் சிதறி ஓடுகின்றனவா? உடனே ஸ்பிரே டப்பாவைத் தேடாதீர்கள். கண்ணில் பட்ட நாலைந்து சாகும், அவ்வளவுதான். மற்றவை இன்னும் உள்ளே போய் ஒண்டிக்கொள்ளும். அதோடு ஸ்பிரேயின் வாடை படிந்த இடத்தில், பிறகு நாம் வைக்கப்போகும் மருந்தை அவை தொடவே தொடாது. கரப்பானின் கழிவும் உரித்த தோலும் காற்றில் கலந்து குழந்தைகளுக்கு ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை. அதனால் அரைகுறையாகச் செய்யாமல் முழுசாகச் செய்துவிடுவது நல்லது.

1. எந்தக் கரப்பான் என்று பாருங்கள்

நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று பெரியது: நாலு சென்டிமீட்டர் வரை இருக்கும், செம்பழுப்பு நிறம். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் வசிக்கும், இரவில் குழாய் வழியாக வீட்டுக்குள் ஏறி வரும்.

இதற்கு மருந்தைவிட வழியை அடைப்பதே முக்கியம். சிங்க்குக்குக் கீழே குனிந்து பாருங்கள். வளையும் பிளாஸ்டிக் குழாயைச் சுவரிலோ தரையிலோ உள்ள பெரிய குழாய்க்குள் சும்மா செருகிவிட்டிருப்பார்கள், சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். அதை ரப்பர் மூடி போட்டோ எம்-சீல் வைத்தோ அடையுங்கள். புழங்காத குளியலறை இருந்தால் வாரம் ஒரு முறை அதன் தரையில் தண்ணீர் வெளியேறும் ஓட்டைமூடியில் (ஜாலி) ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் கரப்பானைத் தடுக்கிறது. அது வற்றினால் கதவு திறந்த மாதிரிதான்.

இன்னொன்று சின்னது: ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும், வெளிர் பழுப்பு, தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள். இதுதான் ஜெர்மன் கரப்பான். பெயர் அப்படியிருந்தாலும் இந்தியா அல்லது மியான்மர் பகுதியில் சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் மனிதர்களோடு ஒட்டி வாழத் தொடங்கியது என்று 2024-இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. வெளியே காட்டிலோ தோட்டத்திலோ இதற்குப் பிழைப்பு கிடையாது. அதனால் விரட்டினால் போகாது, வீட்டுக்குள்ளேயே ஒழித்தாக வேண்டும். இனி வரும் படிகள் எல்லாம் முக்கியமாக இதற்குத்தான்.

2. குடியிருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

அவசரப்படக் கூடாத படி இது. விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போங்கள். மிக்ஸியைத் தலைகீழாகக் கவிழ்த்து, காற்றோட்டத்துக்கு விட்டிருக்கும் துளைகளைப் பாருங்கள். மோட்டாரின் சூடும் சட்னிச் சிதறலும் சேர்ந்த இடம் அதற்கு அரண்மனை. அடுத்து ஃப்ரிட்ஜின் பின்னால் கம்ப்ரசர் பக்கம், அலமாரிக் கதவின் கீல்கள், கிரைண்டரின் அடிப்பகுதி, சுவர்க் கடிகாரத்தின் முதுகு, மடித்துத் திணித்து வைத்த பிளாஸ்டிக் பைகள், ஷெல்ஃபில் விரித்த செய்தித்தாளின் அடி.

கரப்பான் தென்படாவிட்டாலும் அடையாளம் இருக்கும். கீல் ஓரத்தில் காபித்தூள் தூவியது போலக் கருப்பாகக் கிடந்தால் அது அதன் எச்சம். இன்னும் சந்தேகமாக இருந்தால் பசை அட்டைகளைச் சுவரோரமாக இரண்டு மூன்று இரவு வையுங்கள். எந்த அட்டையில் அதிகம் ஒட்டுகிறதோ அதன் பக்கத்தில்தான் கூடு.

3. தண்ணீரை நிறுத்துங்கள்

சாப்பாட்டை எல்லோரும் மூடி வைக்கிறோம், தண்ணீரை மறந்துவிடுகிறோம். கரப்பான் பசியைப் பல நாள் தாங்கும், தாகத்தை அந்த அளவுக்குத் தாங்காது. படுக்கப் போகும் முன் சிங்க்கைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். ஸ்பாஞ்சைப் பிழிந்து தொங்கவிடுங்கள். ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டு, தண்ணீர் கேனுக்கு அடியில் வைத்த தட்டு இரண்டையும் பாருங்கள். எச்சில் பாத்திரங்களை இரவில் போட்டு வைக்காதீர்கள், குப்பைக்கூடைக்கு மூடி இருக்கட்டும். வேறு தீனி இல்லாவிட்டால்தான் மருந்துக்கு வரும்.

4. ஜெல் வையுங்கள்

ஊசி போன்ற குழாயில் கரப்பான் ஜெல் கடைகளில் கிடைக்கிறது. முன்பு ஸ்பிரே அடித்த இடங்களைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரே இடத்தில் பெரிதாகப் பிதுக்கி வைப்பதில் பயனில்லை. கடுகைவிடச் சற்றுப் பெரிய சொட்டுகளாக, ஓரடிக்கு ஒன்று வீதம், நீங்கள் கண்டுபிடித்த இடங்களை ஒட்டி வையுங்கள்: கீலின் உள்மூலை, ஷெல்ஃப் பலகையின் அடிப்பக்கம், ஃப்ரிட்ஜின் பின்புறம், மிக்ஸி வைக்கும் இடத்தின் பின்சுவர். பாத்திரமோ குழந்தையின் கையோ படும் இடத்தில் வேண்டாம்.

தின்ற கரப்பான் உடனே சாகாது. இருப்பிடத்துக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்கிற குஞ்சுகளும் சாகும். நாம் எட்ட முடியாத இடுக்குக்குள் மருந்து போய்ச் சேருவது இப்படித்தான். அடுத்த சில நாள் பகலிலேயே தள்ளாடும் கரப்பான்கள் தெரியலாம். அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். தயவுசெய்து அப்போது ஸ்பிரே அடிக்காதீர்கள்.

ஒரு வாரத்தில் தின்று தீர்ந்த இடங்களில் மீண்டும் சொட்டு வையுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு சுற்று கட்டாயம். ஜெர்மன் கரப்பான் தாய், முப்பது நாற்பது முட்டைகள் உள்ள கூட்டைக் குஞ்சு பொரிக்கும் தறுவாய் வரை வாலில் சுமந்துகொண்டே திரியும். பிந்திப் பொரிந்த குஞ்சுகளுக்காகத்தான் இந்தச் சுற்று.

சொட்டு அப்படியே காய்ந்து கிடந்தால் ஜெல்லை மாற்றுங்கள். இனிப்பான மருந்தையே ஒதுக்கப் பழகிவிட்ட கரப்பான்களும் உண்டு. ஃபிப்ரோனில், இமிடாக்ளோப்ரிட், இண்டாக்சாகார்ப் என்று உறையில் மருந்தின் பெயர் போட்டிருக்கும். வேறு பெயர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

5. போரிக் பவுடர், தேவைப்பட்டால்

ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், மரவேலைப்பாட்டின் இடுக்கில், ஈரம் படாத இடத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு மெல்லியதாகத் தூவுங்கள். குவித்துப் போட்டால் சுற்றிக்கொண்டு போய்விடும். போரிக் பவுடரைச் சர்க்கரையும் மாவும் சேர்த்து உருண்டை பிடித்து வைப்பது பலர் வீட்டு வழக்கம். கரப்பான் சாகும், உண்மைதான். ஆனால் தவழும் குழந்தை அதைத் தின்பண்டம் என்று வாயில் போட்டுவிடும். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் இதைச் சொல்லவே மாட்டேன். சிங்க்கில் போடும் பாச்சை உருண்டையும் வேண்டாம். நாஃப்தலின் உருண்டைகள் சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் அபாயம் உள்ளவை.

6. திரும்ப வராமல்

எண்ணிக்கை குறைந்தபின் டைல்ஸ் இடுக்குகளை வெள்ளை சிமெண்டாலும், மேடைக்கும் சுவருக்கும் இடையே உள்ள விரிசலைச் சிலிகானாலும் அடையுங்கள். மளிகை வந்த அட்டைப்பெட்டிகளைச் சமையலறையில் அடுக்காதீர்கள். பழைய மிக்ஸியோ ஃப்ரிட்ஜோ வாங்கினால் உள்ளே கொண்டுவரும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டிலும் மேல்வீட்டிலும் பேசி, எல்லோரும் ஒரே வாரத்தில் ஜெல் வையுங்கள். குழாய்கள் இறங்கும் பொது இடுக்கு வழியாக இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் வந்துகொண்டே இருக்கும். பசை அட்டை ஒன்றை மட்டும் சிங்க்குக்குக் கீழே நிரந்தரமாக விட்டு வையுங்கள். அதில் ஒரு குஞ்சு ஒட்டினாலும் அன்றே நாலு சொட்டு ஜெல் வைத்துவிடலாம்.