எஃப்வி1 தடுப்பை எலிச் செல்களில் அளப்பது எப்படி?

எலி லுக்கீமியா வைரஸ் செல்லுக்குள் நுழைந்து தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிய பிறகும், அந்த டிஎன்ஏ குரோமோசோமில் சேராதபடி எஃப்வி1 புரதம் மறித்துவிடும். அது பிடிப்பது வைரஸின் கேப்சிட்டை, அதாவது மரபுப்பொருளைச் சுற்றியுள்ள புரதக் கூட்டை. எஃப்வி1 மரபணுவே ஒரு பழைய ரெட்ரோவைரஸின் மிச்சம் என்பது 1996இல் தெரியவந்தது.

என்-வகை வைரஸை எஃப்வி1 மரபணுவின் பி அலீல் (மாற்று வடிவம்) தடுக்கும். பி-வகையை என் அலீல் தடுக்கும். கேப்சிட் புரதத்தின் 110ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருந்தால் என்-வகை, குளூட்டமேட் இருந்தால் பி-வகை. ஆகவே இரண்டு வைரஸும் மூன்று வகை எலிச் செல்களும் வேண்டும்: என்ஐஎச் 3டி3 (என் அலீல்), பால்ப் 3டி3 (பி அலீல்), இரண்டையும் தடுக்காத மஸ் டன்னி செல்கள். இந்த மூன்றாவது, இந்தியச் சுண்டெலி இனம் ஒன்றிலிருந்து வந்தது.

வைரஸைத் தயாரிக்க, 293டி எனும் மனிதச் செல்களில் மூன்று பிளாஸ்மிடுகளை (வளைய டிஎன்ஏக்களை) செலுத்துங்கள்: என் அல்லது பி வகை காக்-பால் (கேப்சிட்டையும் வைரஸ் நொதிகளையும் தரும் மரபணுக்கள்), செல்லுக்குள் நுழைய உதவும் விஎஸ்வி-ஜி உறைப் புரதம், பச்சை ஒளிர் புரதம் தாங்கிய வைரஸ் மரபுத்தொகுதி. பலரும் சறுக்குவது இங்கேதான். கடையில் கிடைக்கும் காக்-பால் பெரும்பாலும் மோலோனி வகை; அது என்பி-வகை என்பதால் என், பி இரண்டு அலீலுக்கும் கட்டுப்படாது. 48 மணி நேரம் கழித்து ஊடகத்தை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, சிறு பங்குகளாக −80 டிகிரியில் வையுங்கள். உருக்கியதை மறுபடி உறையவைத்தால் வீரியம் இறங்கிவிடும்.

24 குழித் தட்டில் குழிக்கு 50,000 செல்கள். மறுநாள் வைரஸை மும்மடங்கு வரிசையாக நீர்த்து, மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் பாலிபிரீனுடன் (வைரஸ் செல்லில் ஒட்ட உதவும் வேதிப்பொருள்) சேருங்கள். 48 முதல் 72 மணி நேரத்தில் செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பச்சைச் செல்களை எண்ணுங்கள். ஒரு குழியில், ஆர்என்ஏ டிஎன்ஏவாக மாறுவதைத் தடுக்கும் ஏஇசட்டி மருந்து சேர்த்து வையுங்கள். அங்கும் பச்சை தெரிந்தால் அது தொற்று அல்ல, வைரஸோடு ஒட்டிவந்த புரதம்.

கணக்குக்கு 1 முதல் 20 சதவீதம் வரை பச்சையான குழிகளை மட்டும் எடுங்கள். ஒரே சதவீதத்தைத் தொட எந்தச் செல்லுக்கு எத்தனை மடங்கு கூடுதல் வைரஸ் தேவைப்பட்டது என்பதே தடுப்பின் அளவு. வைரஸ் மிகுந்தால் கேப்சிட்டுகளே எஃப்வி1 முழுவதையும் நிரப்பிவிடும், தடுப்பு கரைந்துபோகும். தடுக்கும் செல்லில் வரைபடக் கோடு நேராக ஏறாமல் செங்குத்தாக எழும்புவது பிழையல்ல, எஃப்வி1 வேலை செய்வதன் அடையாளம்.

என்-வகையின் வீரியத்தை ஹீலா போன்ற மனிதச் செல்லில் அளக்காதீர்கள். அங்கே டிரிம்5ஆல்ஃபா எனும் மனிதப் புரதம் அதைத் தடுக்கும். வைரஸ் டிஎன்ஏவை கியூபிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் முறை) பார்ப்பதானால், தொற்றுக்கு முன்பே வைரஸை டிஎன்ஏஸ் நொதியால் கழுவுங்கள். இல்லையேல் மிஞ்சிய பிளாஸ்மிடையே எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.