பழைய சுரங்கக் கட்டடத்தைக் காப்பாற்றப் போய்க் கெடுத்துவிடாதீர்கள்

அலாஸ்காவின் ராங்கல் மலைகளில், கெனிகாட் பனியாற்றின் ஓரமாக, சிவப்புச் சாயம் பூசிய ஒரு மரக் கட்டடம் சரிவில் முதுகு சாய்த்து நிற்கிறது. மொத்தம் 14 அடுக்கு. கெனகாட் செம்புச் சுரங்கத்தின் மில் அது, தாதுவை உடைத்துப் பிரித்த ஆலை. (பனியாற்றின் பெயருக்கும் சுரங்கத்தின் பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம் உண்டு, அந்தக் காலத்து எழுத்துப்பிழை அப்படியே நிலைத்துவிட்டது.) 1911-இல் இங்கிருந்து கடலோரம் வரை 196 மைலுக்கு ரயில் பாதை போட்டு முடித்தார்கள். நல்ல தாது தீர்ந்துபோனதும் 1938-இல் கடைசி ரயில் கிளம்பியது. தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது 1986-இல். தேசியப் பூங்காத் துறை வாங்கியது 1998-இல். இடைப்பட்ட 60 ஆண்டுகளில் பெரும்பாலும் பனியும் மழையும்தான் அங்கே குடியிருந்தன.

இப்படிப்பட்ட இடங்களில் நல்ல மனதோடு வேலைக்கு இறங்குகிறவர்களே செய்யும் தவறுகள் சில உண்டு. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: மில்லை ஒரு வீடாக நினைப்பது. அது வீடு அல்ல, இயந்திரம். மலை உச்சியில் வெட்டிய தாது கம்பிவடத்தில் தொங்கும் தொட்டிகளில் இறங்கி, மேல் அடுக்குக்குள் வந்து விழும். அங்கிருந்து தன் எடையாலேயே கீழிறங்கும். ஓர் அடுக்கில் உடைபடும், அடுத்ததில் சலிக்கப்படும், இன்னொன்றில் ஆடும் மேசைகளில் தண்ணீரோடு ஓடிப் பிரியும். அத்தனை அடுக்கு இருப்பதற்குக் காரணமே இதுதான். சரி, இது தெரியாமல் உள்ளே போகிறவர் என்ன செய்வார்? பாதையை மறிக்கிற பழைய மரச் சரிவுக்குழாயை ‘குப்பை’ என்று அறுத்து எறிவார். அதோடு மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் இருந்த தொடர்பு போய்விடும். அப்புறம் சுவர்கள் நிற்கும், மில் இருக்காது. ஆகவே ஓர் ஆணியைக் கழற்றும் முன்பும் படம் எடுங்கள், பலகைக்கு எண் போடுங்கள். துருப்பிடித்த டப்பா கிடந்தால்கூட, எங்கே கிடந்தது என்று குறித்த பிறகே கை வையுங்கள்.

அடுத்த பெரிய தவறு, வேலையின் வரிசை. பார்வைக்குப் பளிச்சென்று தெரியும் என்று சுவருக்குச் சாயம் அடிப்பதில் தொடங்குவார்கள். மலையில் முதல் எதிரி தண்ணீர். சுவரின் அடியில் படுத்திருக்கும் உத்தரத்தைப் பாருங்கள். மேல்சரிவிலிருந்து ஆண்டுக்கணக்கில் மண் சரிந்து வந்து அதன்மேல் அணைந்திருக்கும். அந்த மண்ணைக் கையால் விலக்கிவிட்டு ஒரு திருப்புளியால் குத்தினால், வாழைத்தண்டில் இறங்குவது போல இறங்கும். வெளிப்பக்கம் சாயம்கூட உரிந்திருக்காது. உள்ளே மரம் மக்கிப்போயிருக்கும். முழுக் கட்டடத்தின் பாரமும், அதற்கு மேல் பனிக்காலத்துப் பனியின் பாரமும் அந்த மரத்தின்மேல்தான். எனவே முதலில் கூரை. அடுத்து மேல்சரிவில் தண்ணீரைத் திருப்பிவிடும் வாய்க்கால். அதற்கடுத்து அணைந்த மண்ணை அகற்றி, அஸ்திவாரத்தையும் அடி உத்தரத்தையும் சரிசெய்வது. சாயமெல்லாம் கடைசியில். ஈரம் வெளியேற வழியில்லாதபடி பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி அடைத்துவிடுவதும் இதே வகைத் தவறுதான். மரம் உள்ளுக்குள்ளேயே புழுங்கி அழுகும்.

புத்தம் புதிதாக்கும் ஆசையையும் அடக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் சுமார் 8,400 அடி உயரத்தில் இருக்கும் போடி என்ற தங்கச் சுரங்க ஊர் 1962-இல் மாநிலப் பூங்காவானது. அங்கே கொள்கை எளிமையானது: கட்டடம் இருக்கிற கோலத்திலேயே சிதைவை நிறுத்திவைப்பது. கூரையையும் ஜன்னலையும் அஸ்திவாரத்தையும் பழுதுபார்ப்பார்கள். சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுப்பார்கள். பழமையைத் துடைத்து அழிப்பதில்லை. வெயிலில் வெளுத்த அந்தப் பலகைகளைப் பார்க்கும்போது இதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

போக்குவரத்தைக் குறைத்துக் கணக்கிடுவது இன்னொன்று. கெனகாட்டுக்கு சிட்டினா என்ற ஊரிலிருந்து 60 மைல் கப்பிச் சாலை, பெரும்பகுதி பழைய ரயில் தடத்தின் மேலேயே. பொதுச் சாலை ஆற்றங்கரையோடு நின்றுவிடும், அக்கரைக்கு நடைபாலம். வேலை செய்ய முடிவது கோடையின் சில மாதங்கள்தான். ஒரு திருகாணி அளவு மாறி வந்தாலும் நாட்கள் போய்விடும். அளவெடுப்பது ஒரு கோடையிலும் மரம் ஏற்றுவது அடுத்த கோடையிலுமாகத் திட்டமிடுவதே உத்தமம்.

ஆட்களின் உடல்நலத்தில் அலட்சியம் கூடவே கூடாது. பழைய சாயத்தில் ஈயம், குழாய்ச் சுற்றில் கல்நார், தங்கச் சுரங்கமானால் பாதரசம். எலிப் புழுக்கையை உலர்ந்தபடியே பெருக்கினால் ஹான்டா வைரஸ் தூசியோடு மூச்சில் ஏறும். கிருமிநாசினி தெளித்து நனைத்த பிறகே துடைத்தெடுக்க வேண்டும். சுரங்க வாயை முழுக்க அடைத்துவிடாமல், வௌவால் போய்வர இடைவெளி விட்ட கம்பிக் கதவு போடுங்கள்.

எல்லாவற்றையும் காப்பாற்றிவிட நினைப்பதும் தவறே. சொல்லவே வலிக்கிறது. ஆனால் பணத்தைப் பத்துக் கட்டடத்துக்குப் பிய்த்துக் கொடுத்தால் பத்தும் விழும். கெனகாட்டிலும் சிலவற்றைச் சீரமைத்தார்கள், சிலவற்றை விழாதபடி தாங்கி நிறுத்தினார்கள், சிலவற்றை இடிபாடாகவே விட்டார்கள். விடப்போகும் கட்டடத்தையும் உத்தரம் உத்தரமாக அளந்து வரைந்து வையுங்கள். 1980களில் அமெரிக்கப் பொறியியல் பதிவேட்டுக்காக இந்த மில்லை அளந்து வரைந்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். தாது எந்த அடுக்கில் நுழைந்து எங்கே இறங்கியது என்பதை இன்றும் அந்தத் தாள்களில் விரல் வைத்துத் தொடரலாம்.