அவுட்ஸ்டேஷனா, அவுட் ஆஃப் டவுனா? ஊரில் இல்லை என்று இங்கிலீஷில் சொல்வது எப்படி

"பாஸ் அவுட்ஸ்டேஷன்." கேஎல் (கோலாலம்பூர்) ஆபிஸ்களில் போனை எடுத்தால் தன்னால் வாயில் வருகிற பதில் இது. பிரிக்ஃபீல்ட்ஸில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஓர் ஆஸ்திரேலிய வாடிக்கையாளரிடம் இப்படித்தான் சொன்னேன். மனிதர் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் உங்கள் பாஸ் மாட்டுப் பண்ணையும் வைத்திருக்கிறாரா என்று கேட்டார். அவர் ஊரில் ஸ்டேஷன் என்றால் பெரிய ஆட்டு, மாட்டுப் பண்ணை, அதில் தலைமை இடத்தை விட்டுத் தள்ளியிருக்கும் பகுதிதான் அவுட்ஸ்டேஷன்.

படி 1: கேட்பவர் யார்?

மலேசியா, சிங்கப்பூர்க்காரர் என்றால் அவுட்ஸ்டேஷன் தாராளமாகப் போதும். இந்தியாவில் அதையே அவுட் ஆஃப் ஸ்டேஷன் என்பார்கள். வெள்ளைக்கார அதிகாரி வேலை பார்த்த ஊருக்கு அந்தக் காலத்தில் ஸ்டேஷன் என்று பெயர், அதன் மிச்சம் இது. மற்ற நாட்டுக்காரர் என்றால் அவுட் ஆஃப் டவுன்.

படி 2: நிஜமாகவே வெளியூரா?

பினாங்கில் பாயான் லெப்பாஸில் இருப்பவர் "டவுனுக்குப் போறேன்" என்றால் ஜார்ஜ்டவுனுக்குப் போகிறார். அதற்காக வீட்டில் இருக்கும்போது அவர் அவுட் ஆஃப் டவுன் ஆகிவிடமாட்டார்! இங்கே டவுன் என்பது நீங்கள் இருக்கிற ஊர், அவ்வளவுதான். கேஎல்லிலிருந்து ரயில் ஏறி ஈப்போவில் இரண்டு நாள் தங்கினால் அவுட் ஆஃப் டவுன். பக்கத்துக் கடையில் தேத்தாரே (இழுத்து ஆற்றிய டீ) குடித்துக்கொண்டிருந்தால் இல்லை.

படி 3: 'த' (the) எங்கே வரும்?

எல்லோரும் சறுக்குகிற இடம் இது. அவுட் ஆஃப் டவுன் என்பதில் 'த' கிடையாது. நாடு என்றால் வேண்டும்: அவுட் ஆஃப் த கன்ட்ரி. ஆபிஸுக்கும் அப்படித்தான், ஐ ஆம் அவுட் ஆஃப் த ஆபிஸ். மின்னஞ்சல் தலைப்பில் வெறும் அவுட் ஆஃப் ஆபிஸ் என்று போடுவது வழக்கம், அது சரி. ஆனால் ஓர் அமைச்சரைப் பற்றி 'த' இல்லாமல் அப்படிச் சொன்னால் பதவி போய்விட்டது என்று அர்த்தமாகிவிடும்.

படி 4: திரும்புகிற நாளைச் சொல்லுங்கள்

தீபாவளிக்குப் பினாங்கு போகிறீர்கள், வியாழன் வரை இருக்கமாட்டீர்கள். "அண்டில் தர்ஸ்டே" என்று எழுதினால் வியாழக்கிழமை காலையிலேயே வந்துவிடுவீர்கள் என்று பாதிப் பேர் நினைப்பார்கள், மீதிப் பேர் வெள்ளிக்கிழமை கூப்பிடுவார்கள். அதனால் நான் எப்போதும் வேலைக்குத் திரும்பும் நாளைத்தான் போடுவேன்: "ஐ ஆம் அவுட் ஆஃப் டவுன். ஐ வில் பி பேக் ஆன் ஃப்ரைடே." தேதியையும் சேர்த்துவிடுங்கள், எந்த வெள்ளி என்று கேட்கவும் ஆள் இருக்கிறது.