சிசிஎன்பி எழுதாமலே சிசிஐஇ: நீலகிரியில் இருந்து தயாராக

சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்களில் சிசிஎன்ஏ தொடக்க நிலை, சிசிஎன்பி அடுத்த நிலை, சிசிஐஇ நிபுணர் நிலை. சிசிஐஇ எழுத சிசிஎன்ஏவோ சிசிஎன்பியோ வேண்டும் என்று சிஸ்கோ கேட்பதில்லை. எண்டர்பிரைஸ் பிரிவுக்கு 350-401 என்கோர் என்ற அடிப்படைத் தேர்வில் தேறினால் போதும். அடுத்த 3 ஆண்டுகளுக்குள் 8 மணி நேர லேப் (செய்முறை) தேர்வில் உட்கார வேண்டும்.

தாண்டுவது சான்றிதழை மட்டும்தான். சிசிஎன்பியின் எனார்சி (மேல்நிலை ரவுட்டிங்) பாடத்தை ஒரு வரி விடாமல் செய்துபாருங்கள். நேராகப் போகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான். குறிப்பாக, ஆர்1, ஆர்2 என்ற இரண்டு ரவுட்டரிலும் ஈஐஜிஆர்பி, ஓஎஸ்பிஎஃப் என்ற இரண்டு ரவுட்டிங் முறைகளையும் ஒன்றுக்குள் ஒன்று ரீடிஸ்ட்ரிபியூட் செய்யுங்கள், அதாவது ஒன்று அறிந்த ரூட்டை மற்றதற்குக் கொடுங்கள். ஈஐஜிஆர்பியின் எக்ஸ்டர்னல் ரூட்டுக்கு (வெளியிலிருந்து வந்த ரூட்) ஏடி 170. ஏடி என்பது ரூட்டின் நம்பக அளவு, எண் குறைந்தால் நம்பிக்கை அதிகம். அதையே ஆர்1 ஓஎஸ்பிஎஃபுக்குள் தள்ளியதும், ஆர்2-க்கு அது ஓஎஸ்பிஎஃபின் ஏடியான 110-இல் வந்து சேரும். குறைந்த எண்ணை நம்பி ஆர்2 அதை மறுபடி ஈஐஜிஆர்பிக்குள் விடும். பாக்கெட் சுற்றத் தொடங்கும். இதைத் தடுக்க, ஆர்1-இல் ரூட்-மேப்பில் (ரூட்டை வடிகட்டும் விதிப்பட்டியல்) டேக் 100 என்ற அடையாள எண்ணைப் போடுங்கள், திரும்பும் வழியில் ஆர்2-இல் அந்த டேக்கை மறுத்துவிடுங்கள். எதிர்த்திசைக்கும் இதேபோல். பாக்கெட் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட்டை ஓடவிட்டுப் பார்க்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

பயிற்சிக்கு 32 ஜிபி ராம் உள்ள கணினியில் ஈவ்-என்ஜி, அதாவது ரவுட்டர்களைக் கணினிக்குள்ளேயே ஓட்டும் மென்பொருள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது கோத்தகிரிக்குப் புதிதல்ல. யுபிஎஸ் கட்டாயம், அடிக்கடி ரைட் மெமரி (அமைப்பைச் சேமிக்கும் கட்டளை) கொடுங்கள்.

லேப் தேர்வில் முதல் 3 மணி நேரம் டிசைன். அதில் விட்ட கேள்விக்குத் திரும்ப முடியாது. மீதி 5 மணி நேரம் கைவேலை.

பெங்களூரில் எழுதுவதானால் முந்தின நாள் பகலிலேயே இறங்கிவிடுங்கள். வழியில் உள்ள பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.