புறநகருக்குக் குடிபோகும் முன்: கணக்கில் விடுபடுபவை

புறநகரில் வீடு பார்க்கப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் போகிறார்கள். சாலை காலியாக இருக்கும், காற்று நன்றாக இருக்கும், அறைகள் பெரிதாகத் தெரியும். அந்த அரைநாளை நம்பி முன்பணம் கொடுப்பதுதான் முதல் தவறு. வேலை நாள் ஒன்றில், நீங்கள் வழக்கமாகக் கிளம்பும் நேரத்தில், அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். மாலையில் திரும்பியும் வாருங்கள். மதியம் செயலியில் பார்த்த 40 நிமிடம் காலை 8 மணிக்குச் செல்லாது. கதவைப் பூட்டுவதிலிருந்து இருக்கையில் உட்காருவது வரை எல்லாமே பயண நேரம்தான்: ரயிலுக்குக் காத்திருப்பது, வண்டி நிறுத்த இடம் தேடுவது, நிலையத்திலிருந்து நடப்பது எல்லாம் அதில் சேரும்.

ஒரு வழிக்கு 45 நிமிடம் கூடினால், மாதம் 22 வேலை நாளுக்கு 33 மணி நேரம். ஆண்டுக்கு 240 நாள் என்று வைத்தால் 360 மணி, அதாவது எட்டு மணி நேர வேலைநாள் 45. புரூனோ ஃப்ரே, அலோயிஸ் ஸ்டுட்சர் என்ற பொருளியலாளர்கள் ஜெர்மன் குடும்பங்களின் தரவுகளை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பயண நேரம் கூடக்கூட வாழ்க்கைத் திருப்தி குறைகிறது, கிடைக்கும் வீடும் சம்பளமும் அதை முழுதாக ஈடுகட்டுவதில்லை என்பது அவர்கள் கண்டது. பெரிய கூடம் சில மாதங்களில் பழகிப்போகும். நெரிசல் அப்படிப் பழகாது, தினமும் வேறு மாதிரி வரும்.

வாரத்தில் 2 நாள் மட்டும் அலுவலகம் போகிறவருக்கு அந்த 33 மணி சுமார் 13 ஆகக் குறையும். அப்போது தராசு புறநகர்ப் பக்கம் நன்றாகவே சாயலாம். ஆனால் அந்த ஏற்பாடு வாய்ப்பேச்சில் இல்லாமல் எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து, வாடகையை மட்டும் ஒப்பிடுவது. வாடகை அல்லது தவணையோடு பயணச் செலவையும் பராமரிப்புக் கட்டணத்தையும் கூட்டி, அந்த மொத்தத்தை ஒப்பிடுங்கள். இருவர் வேலைக்குப் போகும் வீட்டில் மிச்சமாகும் என்று நினைத்த பணத்தை இரண்டாவது வண்டி விழுங்கிவிடும். எரிபொருளை எல்லோரும் கணக்குப் போடுவார்கள். காப்பீடு, பழுது, ஆண்டுதோறும் குறையும் வண்டியின் மதிப்பு ஆகியவைதான் விடுபடும்.

வண்டி ஓட்டாதவர்களை மறப்பது இதைவிடப் பெரிய தவறு. முடிவெடுப்பவர் ஓட்டத் தெரிந்தவராக இருப்பதால் இது கண்ணில் படுவதில்லை. வீட்டிலிருந்து 15 நிமிடம், சுமார் ஒரு கிலோமீட்டர், நடந்து பாருங்கள். மருந்துக்கடை, மளிகை, பேருந்து நிறுத்தம் வருகிறதா? நடைபாதையும் இரவு விளக்கும் உண்டா? இல்லையென்றால் பதின்வயதுப் பிள்ளை நண்பனைப் பார்க்கவும் முதியவர் மாத்திரை வாங்கவும் யாராவது கூட்டிப்போக வேண்டும். அந்த ஓட்டுநர் பெரும்பாலும் வீட்டில் ஒரே ஒருவராகத்தான் இருப்பார்.

மருத்துவமனை அருகில் இருக்கிறது என்பது போதாது. இரவு 2 மணிக்கு அங்கே மருத்துவர் இருப்பாரா, சி.டி. ஸ்கேன் உண்டா என்று கேளுங்கள். மூளையில் அடைப்பு ஏற்பட்டால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டும், அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்று நீரை நாவால் மட்டும் சோதிக்காதீர்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சுவை நன்றாக இருக்கும், 1000 தாண்டினால் குடிக்கக் கஷ்டம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் உப்பை அளக்கும் மலிவான டி.டி.எஸ். மீட்டர் கிருமியைக் காட்டாது. கழிவுநீர்த் தொட்டிகள் நெருங்கிய பகுதியில் கழிவு கசிந்து நீரில் கலக்கும் நைட்ரேட், மலக் கலப்பைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியா இரண்டையும் ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். கனமழைக்கு மறுநாள் போய் மதில்சுவரில் தண்ணீர்க் கறை எவ்வளவு உயரம் இருக்கிறது என்றும் பாருங்கள். தெருவை விட வீட்டுத் தளம் தாழ்ந்திருந்தால், ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் அது இன்னும் தாழும்.

"ரயில் வரப்போகிறது, பள்ளி வரப்போகிறது" என்பதற்கு மதிப்பெண் பூஜ்யம். இன்று ஓடுவதை மட்டும் எண்ணுங்கள். எதிரே உள்ள காலிமனையும் அப்படியே இருக்காது. அதில் என்ன கட்ட அனுமதி உண்டு என்பது உள்ளாட்சியின் நில உபயோக வரைபடத்தில் இருக்கும்.

குடியிருப்புச் சங்கம் இருந்தால் கடைசி 3 ஆண்டுக் கணக்கையும் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். பெரிய பழுதுகளுக்கான இருப்பு நிதி காலியாக இருந்தால், லிஃப்ட் மாற்றும் செலவு புதிதாக வந்த உங்கள் தலையிலும் விழும். வளர்ப்புப் பிராணி, வாடகைக்கு விடுதல், வீட்டிலிருந்து தொழில் செய்தல் ஆகியவற்றின் விதிகளை வாங்கும் முன்பே படியுங்கள்.

முடிந்தால் அதே பகுதியில் முதலில் ஆறு மாதம் வாடகைக்கு இருங்கள். அதற்குள் ஒரு மழைக்காலமும் பள்ளி நடக்கும் மாதங்களும் வந்துவிட வேண்டும். இப்போது இருப்பது சொந்த வீடு என்றால் அதுவரை விற்காமல், குறுகிய கால ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடுங்கள்.