டெஸ்க்டாப் ஆன் ஆகவில்லையா? இதைப் பாருங்கள்

பவர் பட்டனை அழுத்தினால் விளக்கும் எரியவில்லை, ஃபேனும் சுற்றவில்லை என்றால் மதர்போர்டு (கம்ப்யூட்டரின் முதன்மை சர்க்யூட் பலகை) போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். முதலில் அதே பிளக் பாயின்டில் வேறொரு சாதனத்தைப் போட்டுப் பாருங்கள். கேபினட்டின் பின்பக்கம், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான பவர் சப்ளையில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். துடைக்கும்போது கை பட்டு அணைந்திருக்கலாம். கோடு உள்ள பக்கம் அழுந்தியிருந்தால் ஆன், வட்டம் என்றால் ஆஃப்.

அதுவும் சரியாக இருந்தால், பவர் கேபிளைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். அப்புறம் கேபிளை இறுக்கமாகச் செருகி முயலுங்கள்.

இன்னும் அசையவில்லையா? பட்டனே பழுதாகியிருக்கலாம். பலரும் இதை யோசிப்பதே இல்லை. கேபிளைக் கழற்றிய நிலையில், மதர்போர்டில் பவர் பட்டன் ஒயர் இருக்கும் இரண்டு பின்களில் ரீசெட் பட்டனின் ஒயரைச் செருகுங்கள். கேபிளை மாட்டி ரீசெட்டை அழுத்தும்போது கம்ப்யூட்டர் ஆன் ஆனால், கோளாறு பட்டனில்தான். அப்படியே, கேபிளைக் கழற்றிவிட்டு, பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு வரும் பெரிய 24 பின் இணைப்பும் நன்றாக அமர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஃபேன் சுற்றி, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் கேபிளைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் செருகியிருக்கும் நினைவகப் பலகையான ராமை (RAM) கழற்றி மாட்டிப் பாருங்கள்.

பவர் சப்ளை பெட்டியை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். கேபிளைக் கழற்றிய பிறகும் அதன் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் இருக்கும்.