கொழுஞ்சி: விதை எடுப்பது முதல் மடக்கி உழுவது வரை

யாரும் விதைக்காமலே தரிசில் பச்சையாக நிற்கும் செடி கொழுஞ்சி. ஆடு மாடு அவ்வளவாகக் கடிக்காது. வேலியில்லாத நிலத்துக்கு இதைவிட நல்ல பசுந்தாள் உரம் (பச்சையாகவே மண்ணில் மடக்கி உழுது உரமாக்கும் செடி) கிடைப்பது அரிது. ஆனால் விதைத்தோல் கல் மாதிரி. அதைக் கவனிக்காதவர்கள்தான் "முளைக்கவே இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள்.

முதலில் அடையாளம். சிற்றிலை ஒன்றை நுனியிலும் அடியிலும் பிடித்து மெல்ல இழுங்கள். நேராகக் கிழியாமல் அம்பின் வால் போலக் கூராகப் பிரிந்தால் கொழுஞ்சிதான். பூ ஊதா கலந்த இளஞ்சிவப்பு. காய் தட்டையாக, சற்றே வளைந்திருக்கும்.

காய் பழுப்பானதும் காலை ஈரத்திலேயே பறித்துவிடுங்கள். வெயில் ஏறினால் முறுக்கிக்கொண்டு வெடித்து விதை சிதறிவிடும்.

இனி முக்கியமான வேலை. விதையோடு சம அளவு பருமணல் சேர்த்து உரலில் லேசாக இடியுங்கள். தோலின் பளபளப்பு மங்கினால் போதும். பருப்பு தெரிந்தால் கை அழுத்தம் அதிகம். பிறகு 20 விதையை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். குறைந்தது 15 விதை ஊதியிருந்தால் விதைக்கலாம், இல்லையென்றால் மறுபடி இடிக்க வேண்டும். உரல் இல்லையா? 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 2–3 நிமிடம் வைத்து எடுக்கலாம். கொதிநீரில் ஊறவிட்டால் கரு வெந்துபோகும்.

ஏக்கருக்கு 6–8 கிலோ விதை. தென்னை வட்டப்பாத்தி என்றால் 6 அடி ஆரத்துக்குள் மரத்துக்கு 50 கிராம். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் புதைக்காதீர்கள். தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது. முதல் மாதம் வளர்ச்சி மந்தம்தான். அப்போது ஒருமுறை களை எடுத்தால் பிறகு தானே மூடிக்கொள்ளும்.

மொட்டு விடும் சமயத்தில் ஒரு செடியைத் தோண்டி வேர்முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால் காற்றின் தழைச்சத்தை (நைட்ரஜனை) சேர்த்துக்கொண்டிருக்கிறது. மண்ணில் ஈரம் இருக்கும்போது, பூப்பதற்கு முன்பே மடக்கி உழுங்கள். தண்டு முற்றினால் மக்க நாளாகும். மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே இழுத்துக்கொள்வதால் அடுத்த பயிர் வெளிறிவிடும். 2–3 வாரம் கழித்து நடவு செய்யுங்கள். விதைக்கென ஓரத்தில் ஒரு வரிசையை விட்டுவையுங்கள்.

சித்த மருத்துவத்தில் கல்லீரல், மண்ணீரல் நோய்களுக்கு இதன் வேர் பயன்படுகிறது. நீங்களே கஷாயம் போட்டுக் குடிக்க வேண்டாம், வைத்தியர் சொல்லும் அளவே சரி. வேரில் மீனை மயக்கும் நஞ்சும் உண்டு. பிடுங்கிய செடியை மீன் வளர்க்கும் குட்டையில் அலசாதீர்கள்.